க்ளவுன் மீன் அனிமோனுக்குள்ள போக ஏன் இவ்ளோ நாள் எடுக்குது?

மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி) ஆரம்பிக்கிற நிறைய பேரு ஒரு ஜோடி க்ளவுன் மீனும் ஒரு அனிமோனும் (பூ மாதிரி கை விரிச்சு ஒட்டிக்கிட்டு இருக்குற கடல் பிராணி) ஒரே நாள்ல வாங்கி விட்டுட்டு, சாயங்காலமே மீன் உள்ள போய் படுத்துக்கும்னு கண்ணாடி முன்னாடியே உக்காந்திருப்பாங்க, மீனோ ஹீட்டர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்.

அதுக்குக் காரணம் இருக்கு. அனிமோனோட ஒவ்வொரு கையிலயும் கொட்டுற செல் ஏகப்பட்டது இருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் சுருட்டி வச்ச விஷ நூல், இதே மாதிரி செல் இருக்குற ஹைட்ராங்கிற குட்டி தண்ணி உயிரினத்துல அளந்து பாத்தா அந்த நூல் பாயுறதுக்கு ஒரு மைக்ரோசெகண்ட் கூட ஆகல. ஆனா தொட்டா மட்டும் போதாது, மீன் தோல் மேல இருக்குற வழவழப்புல சியாலிக் ஆசிட் மாதிரி சில சர்க்கரைப் பொருள் இருந்தா தான் "இது இரை"ன்னு அந்த செல்லுங்க நல்லா உஷாராகுது. க்ளவுன் மீனோட வழவழப்புல இந்த சியாலிக் ஆசிட் ரொம்பக் கம்மி. அது மட்டும்தான் காரணமா, இல்ல அனிமோனோட வழவழப்பையும் எடுத்து மேல பூசிக்குதான்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க.

என் டேங்க்ல மீன் மொதல்ல வாலை மட்டும் லேசா உரசிட்டு விலகிப் போச்சு, அடுத்த தடவை அடித்துடுப்புல ஒரு கை பசை மாதிரி ஒட்டிக்கிச்சு, வெடுக்குனு பிச்சுக்கிட்டு ஓடிருச்சு, கொஞ்ச நேரத்துல திரும்ப அங்கயே வந்து வயித்தை உரசுது. இப்படி தொட்டுத் தொட்டுப் பழகினாதான் உண்டு. கொஞ்ச நாள் பிரிச்சு வச்சா சில மீனு திரும்ப மொதல்ல இருந்து பழகணும்.

இன்னொண்ணு, ஆயிரத்துக்கு மேல அனிமோன் வகை இருந்தும் க்ளவுன் மீன் தங்குறது சுமார் 10 வகையிலதான். நம்ம மன்னார் வளைகுடா பக்கம் செபே க்ளவுன் கார்ப்பெட் அனிமோன்ல இருக்கும். கடைல சாதாரணமா கிடைக்கிற ஆசெல்லாரிஸ் க்ளவுன் கடல்ல பப்புள் டிப்புங்கிற அனிமோன்ல தங்காது, ஆனா டேங்க்ல பெரும்பாலும் ஏத்துக்கும், வளக்கவும் அந்த அனிமோன்தான் சுலபம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல இருக்குற மாதிரி குஞ்சு பொரிக்கிற பண்ணைகள்ல பொரிச்சு வளத்த குஞ்சுங்க அனிமோனையே பாக்காம வளந்திருக்கலாம், அதுங்களுக்கு வாரக்கணக்குல கூட ஆகலாம், அவசரப்படாதீங்க.

அனிமோன் விடுறதுக்கு முன்னாடி டேங்க் ஓடி ஆறு மாசமாவது ஆகியிருக்கணும், நல்ல லைட்டு வேணும், ஏன்னா அனிமோன் உடம்புக்குள்ள இருக்குற பாசிதான் அதுக்கு நிறைய சாப்பாடு போடுது. டெம்பரேச்சர் 25-26 டிகிரி, உப்பு 1.025 (தண்ணியோட ஒப்படர்த்தி அளவு). வேவ்மேக்கருக்கு (தண்ணிய அலை மாதிரி தள்ளுற மோட்டார்) ஸ்பாஞ்ச் மூடி கண்டிப்பா போடுங்க, இடம் தேடி அலையுற அனிமோன் அதுல சிக்கி அரைபட்டா மொத்த டேங்கும் கெட்டுப் போயிரும். அனிமோன் ஒரு இடத்துல கால் ஊணினதுக்கு அப்புறம் மீனை விடுங்க. வலை வச்சு மீனைத் துரத்தி உள்ள தள்ளாதீங்க, அந்த வழவழப்புதான் அதுக்குக் கவசம், வலை உரசினா அது போயிரும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பேசாம விட்டா போதும்.

பழகினதுக்கு அப்புறம் ஒரு இறால் துண்டு கொஞ்சம் பெருசா போட்டுப் பாருங்க, தன்னால முழுங்க முடியலன்னா வாயில கவ்விக்கிட்டுப் போய் அனிமோன் நடுவுல போட்டுட்டு வரும்.