வீடியோ ஓடுகிறது, சரி, பிள்ளை வாசிக்கிறதா?

போன வாரமும் ஒரு அம்மா வந்தார். ஏழாம் வகுப்புப் பெண்ணின் தாய். "எல்லாப் பாடமும் போன்லயே பார்த்துட்டா தமிழம்மா, ஒரு வரி விடாம சொல்லுவா" என்றார். அந்தப் பெண்ணும் சொன்னாள். ஏற்ற இறக்கத்தோடு, வீடியோவில் பேசுகிறவர் எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தி, அழகாகச் சொன்னாள். புத்தகத்தைத் திறந்து, பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதை மட்டும் வாசி கண்ணு" என்றேன். பாடத்தின் முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் விரல் வைத்த வரியும் அவள் வாயில் வந்தது. அவள் நிற்கவில்லை, அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். தான் சொல்வது அந்த வரிதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். இப்படி வந்து நிற்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டேன், இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

"பார்த்தாச்சு, கேட்டாச்சு, அப்படின்னா படிச்சாச்சு." வீட்டிலும் இதே நினைப்பு, ஆசிரியர் அறையிலும் இதே நினைப்பு. ஸ்மார்ட் போர்டில் பாடத்தை ஓடவிட்டு, முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "புரிஞ்சுது" என்பார்கள். புரிந்துதான் இருக்கும், பொய்யில்லை. கதை புரிந்தது, காதால் புரிந்தது. கண் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. கண் எழுத்தில் பட்டு, அது வாயில் ஒலியாக வந்து, பொருளும் சேர்ந்தால்தான் வாசிப்பு. நடுவில் வேறொருவர் குரல் புகுந்து எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

தமிழில் இது இன்னும் மோசம். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. காதில் விழுவது "காத்து", புத்தகத்தில் இருப்பது "காற்று". காதில் "அஞ்சு", எழுத்தில் "ஐந்து". காதில் "வெத்தல", எழுத்தில் "வெற்றிலை". லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கும் ஊர்கள் எத்தனையோ உண்டு. ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு காட்டிப் பேசுகிறவரை நானே அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். காதை மட்டும் நம்பி வளரும் பிள்ளை "பல்லிக்கூடம்" என்றுதான் எழுதும். அதைச் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துத் திருத்தி என் பேனாதான் தீர்கிறது. எழுத்துத் தமிழைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக முடியும், வேறு வழியே கிடையாது. எத்தனை மணி நேரம் கேட்டாலும் "காற்று" என்ற சொல்லில் எந்த எழுத்து இருக்கிறது என்று காது சொல்லித்தராது.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளைப் பற்றி நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, அட்டைகள் இருக்கின்றன, நிலை பார்த்துக் குழு பிரிக்கிறோம். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும் என்று புத்தகம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. அறிவியலும் சமூக அறிவியலும்கூட அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? ஒளிந்துகொள்ளும். கூட்டமாக வாசிக்கும்போது அரை நொடி தாமதமாக வாயசைக்கும். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதும், நோட்ஸை உருப்போடும். இப்போது வீடியோ என்று இன்னொரு மறைவிடத்தையும் நாமே கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

போனிடம் கேட்டு எழுதிவரும் கட்டுரைகளைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. "மழைநீர் சேகரிப்பு" என்று கேட்டால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் தயாராக வருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். அவன் நோட்டை அவனிடமே கொடுத்து "எழுந்து வாசி" என்பேன். "இன்றியமையாதது" என்ற சொல் வரும்போது தெரிந்துவிடும்.

உடனே "டீச்சருக்கு டெக்னாலஜி பிடிக்காது" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். என் வகுப்பில் புரொஜெக்டரும் உண்டு, போனும் உண்டு, கம்ப்யூட்டர் லேப் பீரியடும் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தக் கருவி பேசுகிறதா, கேட்கிறதா? அது பேசி பிள்ளை சும்மா இருந்தால் அந்த பீரியட் வீண். பிள்ளை வாய்விட்டு வாசிக்க, அது கேட்டால் வேலை நடக்கிறது.

பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால் ஜனங்கள் தங்களை அறியாமலே வாசிப்பார்கள் என்பது அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி 1996-இல் முன்வைத்த யோசனை. தொலைக்காட்சியில் திரைப்பாடல்களோடு அதைச் செய்தும் காட்டினார்கள். நான் அதை வகுப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். புத்தகத்தில் உள்ள செய்யுளை வரிகளோடு ஒருமுறை ஒலியுடன் போடுவேன். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிடுவேன், வரிகள் மட்டும் ஓடும், பிள்ளைகள்தான் பாட வேண்டும். மூன்றாம் முறையில்தான் வேடிக்கை. ஏதாவது ஒரு வரியில் "மலை" என்பதை "மழை" என்று மாற்றி வைத்திருப்பேன். மனப்பாடமாகப் பாடுகிறவர்கள் மலையேறிப் போய்விடுவார்கள். திரையைப் பார்த்து வாசிக்கிறவர்கள் "தமிழம்மா, தப்பு!" என்று கத்துவார்கள். யார் கத்தவில்லை என்பதை நான் குறித்துக்கொள்வேன். தேர்வுத்தாள் சொல்லாததை இந்தச் சத்தம் சொல்லிவிடும்.

செலவே இல்லாத இன்னொன்று குரல் பதிவு. வீட்டில் ஒரு போன் போதும், நெட் வேண்டாம். ஒரு பத்தியைப் பிள்ளை வாசித்துப் பதிவு செய்யட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்து, பென்சிலோடு, தன் குரலைத் தானே கேட்கட்டும். எங்கே தடுமாறியதோ அங்கே ஒரு கோடு. மறுநாள் அதே பத்தி. கோடுகள் குறைவதைப் பிள்ளையே பார்க்கும், நாம் பாராட்டக்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதிவை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். எழுத்துக்கூட்டும் குரலை நாற்பது வீடுகள் கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது. எனக்குத் தனியாக அனுப்புங்கள், பஸ்ஸில் வரும்போது கேட்கிறேன்.

கேட்கும் செயலிகளும் இருக்கின்றன. 2019-இல் போலோ என்று வந்து, பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாறிய கூகுளின் செயலி தமிழிலும் பிள்ளை வாசிப்பதைக் கேட்கும், தடுமாறினால் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டும். வகுப்பு இரைச்சலில் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். வராந்தாவின் கடைசியில் ஒரு பிள்ளை, ஒரு போன் என்றால் உருப்படியாக நடக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நிலைவாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எட்டாம் வகுப்புப் பையன் கையில் முதல் நிலைக் கதைப்புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள், அவமானத்தில் செத்துப்போவான். அதே கதை போனில் இருந்தால் அவன் என்ன படிக்கிறான் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது.

தட்டச்சுக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பள்ளி என்று அடிக்க நினைத்தால் பள்ளியும் வரும், பல்லியும் வரும். எது முன்னால் நிற்கிறதோ அதை அமுக்கிவிட்டுப் போய்விடுவான். தமிழ்நாடு அரசு 1999-இல் தரமாக அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ப, ள, ள, இ என்று நான்கு தட்டு தட்டினால் "பள்ளி". புள்ளி தானாக விழும், ஆனால் எந்த ளகரம் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் ஏறாதது, க-வைத் தட்டி இ-யைத் தட்டியதும் திரையில் "கி" ஆகும்போது ஏறிவிடுகிறது. குரல்வழித் தட்டச்சு கூடவே கூடாது. அது பேச்சை அப்படியே எழுதிக் கொடுக்கும். பேச்சை எழுத்தாக மாற்றும் உழைப்புக்குத்தானே இந்த வகுப்பே நடக்கிறது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உறுதிசெய்யப்பட்ட பிள்ளைக்கும் ஒலிப்பாடம் அவர்களுடைய உரிமை. நான் மேலே திட்டியதைப் படித்துவிட்டு அவர்களிடமிருந்து ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஒன்றியத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். "சோம்பேறி" என்று நாமே பட்டம் கட்ட வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளை பாடத்தைச் சரளமாகச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் பக்கத்தின் நடுவில் ஒரு வரியைக் காட்டுங்கள். அதையும் சரியாகச் சொன்னால், அந்த வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு நீங்கள் படித்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை, தயங்குகிற குரல் யாருக்கும் கேட்கும். தடுமாறினால் அடிக்காதீர்கள், பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பத்தாம் வகுப்பு வரை மூடி வைத்தால்தான் ஆபத்து.

சக ஆசிரியர்களே, புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோவைப் போட்டுவிட்டு, விவரங்களைப் பதிவேற்றும் வேலையைப் பார்ப்பது எனக்கும் தெரிந்த வித்தைதான். அந்த வேலை நம் தலையில் விழுந்திருப்பதும் தெரியும். இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் புத்தகத்தில் எந்த வரி என்று ஒரு பிள்ளையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். புத்தகம் பைக்குள் இருக்கும்போது பாட வீடியோ ஓடக் கூடாது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேப் அட்டவணை போடும்போது தமிழை மறந்துவிடாதீர்கள், வாரம் ஒரு பீரியடாவது கொடுங்கள். ஹெட்போன் பழுதானால் அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் மலிவானதை வாங்கிப் போடுகிறோம், அதில் பெரும்பாலும் மைக் இருப்பதில்லை. அடுத்த முறை வாங்கும்போது மைக் உள்ளதா என்று பார்த்து, செருகிப் பேசிப் பார்த்து வாங்குங்கள்.