காப்போ என்று எழுதுவதற்கு முன்

இந்தப் பருவத்தில் மட்டும் இது ஏழாவது தாள். கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன், நாஜி முகாம்களின் காப்போக்களைப் பற்றி ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம் அச்சுப் பிசகாமல் வருகிறது: "வதைமுகாம்களில் யூதர்களை அடித்துக் கொன்றவர்கள் யூதர்களே." சிவப்பு மையால் அடித்துக் கை ஓய்ந்துவிட்டது.

காப்போ என்பது பதவியின் பெயர், இனத்தின் பெயர் அல்ல. கைதிகளிலேயே ஒருவனைப் பிடித்து, மற்றவர்களை மேய்க்க, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை வைத்த கங்காணி. 1940 மே 20-இல் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட முதல் 30 கைதிகள், அங்கே முதலில் இந்தப் பதவிகளில் உட்கார்ந்தவர்கள், யார் தெரியுமா? ஸாக்ஸன்ஹவுஸன் முகாமிலிருந்து வந்த ஜெர்மானியர்கள், சட்டையில் குற்றவாளி என்பதற்கான பச்சை முக்கோணம். ஜெர்மனியின் புகன்வால்ட் முகாமில் பின்னால், அரசியல் கைதி என்பதற்கான சிவப்பு முக்கோணம் அணிந்த கம்யூனிஸ்டுகள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். யூதக் காப்போக்களும் இருந்தார்கள், குறிப்பாக யூதர்களை மட்டும் அடைத்த உழைப்பு முகாம்களில். அதை நான் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்களை மட்டும் பிடித்துக்கொண்டு பதவி கொடுத்தவனை விட்டுவிடுகிறீர்களே, அதுதான் எரிச்சல். பச்சை என்றால் கொடூரன் என்றும் எழுதிவிடாதீர்கள். அந்த முப்பதில் 2-ஆம் எண் கைதி ஓட்டோ க்யூஸெல், வேலை பிரிக்கும் இடத்தில் இருந்துகொண்டு பலவீனமானவர்களை லேசான வேலைக்கு அனுப்பியவர், 1942 டிசம்பரில் மூன்று போலந்துக் கைதிகளோடு தப்பினார்.

அதிகாரம் என்பது அங்கே ஒரு கரண்டி. சூப் பானையில் மேலே வெறும் தண்ணீர், உருளைக்கிழங்கெல்லாம் அடியில். கரண்டியை எவ்வளவு ஆழம் விடுகிறான் என்பதில் ஒருவனின் உயிர் இருந்தது. அந்தக் கரண்டிக்காரனையும் பயம்தான் ஆட்டிவைத்தது. பதவி போனால் அன்றிரவு அவன் தன் ஆட்களோடுதான் படுக்க வேண்டும், முதல் இரவே அடித்துக் கொன்றுவிடுவார்கள், அது அவனுக்கும் தெரியும் என்று 1944 ஜூனில் எஸ்.எஸ். தலைவன் ஹிம்லரே ராணுவத் தளபதிகளிடம் விளக்கினார்.

சரி, அப்படியானால் எல்லாரும் அப்பாவிகளா? இதைச் சொன்னதும் மாணவர்கள் அந்தப் பக்கம் தாவுகிறார்கள். இல்லை. 1945-இல் ஜெர்மனியின் லூனபர்க்கில் நடந்த பெல்ஸன் முகாம் வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட 45 பேரில் 12 பேர் காப்போ போன்ற கைதிப் பொறுப்பாளர்கள். பிராங்க்ஃபர்ட் ஆஷ்விட்ஸ் வழக்கில், கைதியாக இருந்த எமில் பெட்னாரெக்குக்கு 1965-இல் ஆயுள் தண்டனை. நாஜிகளையும் அவர்களுக்கு உடந்தையானவர்களையும் தண்டிக்க இஸ்ரேல் 1950-இல் போட்ட சட்டத்தில்தான், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய எஸ்.எஸ். அதிகாரி ஐக்மன் பிற்பாடு விசாரிக்கப்பட்டான், ஆனால் அதற்கு முன்பே முகாமில் உயிர்பிழைத்த யூதர்கள் சிலர் அதே சட்டத்தில் கூண்டில் நின்றார்கள். 1952-இல் டெல் அவீவ் நீதிமன்றம் ஒரு காப்போவுக்கு மரண தண்டனை விதித்தது, உச்ச நீதிமன்றம் அதை இரண்டு ஆண்டுச் சிறையாக்கியது. உடனடி உயிராபத்திலிருந்து தப்பச் செய்தானா, பெரிய கேட்டைத் தடுக்கச் செய்தானா என்று பார்க்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நீதிபதிகளே திணறிய இடத்தில் நீங்கள் ஒரு வரியில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எந்த முகாம், எந்த ஆண்டு, யார் நியமித்தது, அவன் தன் கையால் என்ன செய்தான், இவ்வளவையும் தேடிப் பிடித்த பிறகு எழுதுங்கள். அந்த வாக்கியம் வாட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். அப்புறம், பிடிக்காத யூதர் ஒருவரைத் திட்ட இணையத்தில் காப்போ என்ற சொல்லை வீசுகிறார்கள், அதையும் செய்யாதீர்கள். ஏழு பேருக்கும் திங்கட்கிழமை தாளைத் திருப்பித் தருகிறேன், முகாமின் பெயரிலிருந்து தொடங்கித் திரும்ப எழுதிக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.