பெரிய கோயிலின் நிழல் தரையில் விழுமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போனால், விமானத்தின் நிழல் மேற்குப் பக்கத்துத் தரையில் நீண்டு படர்ந்திருப்பதை எவரும் பார்க்கலாம். ஆகவே அந்தப் பேச்சு உண்மையல்ல. ஆனால் அப்படி ஒரு பேச்சு எழுவதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று கணக்கிட்டுப் பார்த்தால், நிழலைப் பற்றிப் பலவும் தெளிவாகும். அதற்குப் பள்ளிப் பாடத்தில் வரும் ஒரே ஒரு விதி போதும்: ஒளி நேர்கோட்டில் செல்கிறது.

ஒளிபுகாப் பொருள் ஒன்று ஒளியை மறிக்கும்போது, ஒளியால் வளைந்து சென்று அதன் பின்புறத்தை அடைய முடிவதில்லை. ஒளி போய்ச் சேராத அந்தப் பகுதியே நிழல். நிழலின் நீளத்தை முடிவு செய்பவை இரண்டுதான்: பொருளின் உயரம், சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது. 1010-ஆம் ஆண்டில் இராஜராஜ சோழன் கட்டி முடித்த அந்த விமானத்தின் உயரத்தை ஏறத்தாழ 60 மீட்டர் என்றும், அதன் சதுர அடித்தளத்தின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ 30 மீட்டர் என்றும் கொள்வோம். உச்சி நடுவில் இருப்பதால், அங்கிருந்து சுவர் விளிம்பு வரையிலான கிடைமட்டத் தொலைவு 15 மீட்டர்.

தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களில், நண்பகலில்கூடச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து தெற்கே 34 பாகை சாய்ந்தே இருக்கும். அப்போது உச்சியின் நிழல் மையத்திலிருந்து வடக்கே சுமார் 40 மீட்டர் தள்ளி, அதாவது சுவரைத் தாண்டி 25 மீட்டர் தொலைவில் விழும். ஜூன் 21-இலோ சூரியன் வடக்கே ஏறத்தாழ 13 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால், உச்சியின் நிழல் மையத்திலிருந்து 14 மீட்டருக்குள் அடங்கி, விமானத்தின் சரிந்த உடலின் மீதே விழுந்துவிடுகிறது. மார்ச் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகல் நிலவரம் இதுதான். கீழ்ச்சுவரின் நிழல் மட்டும் சுவரோரமாகச் சில மீட்டர் அகலத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாளும் சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வரும்போது, பகல் 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி, அந்தச் சிறு நிழலும் மறைகிறது. அந்த நாளில் தஞ்சாவூரில் நேராக நட்ட எந்தக் கம்பத்துக்கும் இதே கதிதான். ஆக, கூம்பு போல மேலே குறுகிச் செல்லும் வடிவமும் பூமத்திய ரேகைக்கு அருகே ஊர் இருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. கோயிலின் பெருமைக்கு அதன் கட்டுமானமே போதும். நிழலைக் காணாமல் போக்க வேண்டிய அவசியம் இல்லை.

டிசம்பர் நண்பகலில் உச்சியின் நிழலுக்கு அருகே குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: அதன் விளிம்பு கூர்மையாக இருக்காது, அரை மீட்டருக்கும் மேல் மங்கலாகப் பரவியிருக்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல், வானில் ஏறத்தாழ அரை பாகை அகலமுள்ள வட்டாகத் தெரிவதே இதற்குக் காரணம். அந்த வட்டு முழுவதும் மறைக்கப்படும் இடம் கருநிழல். ஒரு பகுதி மட்டும் மறைக்கப்படும் இடம் புறநிழல். பொருளிலிருந்து விலக விலகக் கருநிழல் குறுகி, பொருளின் அகலத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தொலைவில் முடிந்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பியின் கருநிழல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டியதும் தீர்ந்துவிடும். ஆகவேதான் எட்டு மீட்டர் உயரத்தில் செல்லும் கம்பியின் நிழல் தெருவில் அடர்த்தியாக விழுவதில்லை.

இதே கணக்கு நிலவுக்கும் பொருந்தும். நிலவின் விட்டம் 3,474 கி.மீ.; அதன் கருநிழல் சுமார் 3 லட்சத்து 75 ஆயிரம் கி.மீ. வரை நீள்கிறது. பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான சராசரித் தொலைவோ 3 லட்சத்து 84 ஆயிரம் கி.மீ. நிலவு போதிய அளவு நெருங்கி வரும் காலத்தில் கருநிழல் பூமியைத் தொடும். முழுச் சூரிய கிரகணம் நிகழும். 2019 டிசம்பர் 26 அன்று கருநிழல் பூமியை எட்டவில்லை. அதனால்தான் கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் நிலவைச் சுற்றி நெருப்பு வளையமாகச் சூரியன் தெரிந்தது.

நிழலுக்குள் ஒளியே இல்லை என்றால், விமானத்தின் நிழலில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடிவது எப்படி? நேரடிக் கதிர்கள் மறிக்கப்பட்டாலும், வானமும் எதிர்ச் சுவரும் தரையும் திருப்பி அனுப்பும் ஒளி அங்கே வந்துகொண்டே இருக்கிறது. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்புவதை ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்கிறோம். பெயரைக் கேட்டு, இங்கே எதிரொளிப்பு விதி பொருந்தாது என்று பல மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி, கருங்கல்லின் ஒவ்வொரு நுண்ணிய மேட்டிலும் பள்ளத்திலும் அப்படியே செல்லுபடியாகிறது. ஒவ்வொரு மேடும் வெவ்வேறு திசையைப் பார்த்திருப்பதால் கதிர்கள் சிதறுகின்றன, அவ்வளவுதான். அந்தச் சிதறலே கல்லை எந்தப் பக்கத்திலிருந்தும் நமக்குக் காட்டுகிறது.

பரப்பு வழவழப்பாக இருந்தால் கதிர்கள் வரிசை கலையாமல் திரும்புகின்றன. அப்போது பிம்பம் கிடைக்கிறது. சமதள ஆடிக்கு முன்னால் நாம் எவ்வளவு தொலைவில் நிற்கிறோமோ, அவ்வளவு தொலைவு ஆடிக்குப் பின்னால் பிம்பம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கிருந்து எந்தக் கதிரும் புறப்படுவதில்லை என்பதால் அதை மாய பிம்பம் என்கிறோம். 150 செ.மீ. உயரமுள்ளவர் தம்மை முழுமையாகப் பார்க்க, சரியான உயரத்தில் மாட்டிய 75 செ.மீ. கண்ணாடியே போதும், பின்னால் நகர்ந்து போனால் இன்னும் அதிகம் தெரியும் என்பது வெறும் எண்ணம்தான்.

கோயில் குளத்து நீரும் அசையாதபோது ஆடியே, ஆனால் மிகச் சுமாரான ஆடி. நேராக மேலிருந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டுமே நீர் திருப்பி அனுப்புகிறது. ஒளி எவ்வளவு சாய்வாக வருகிறதோ, அந்த அளவு எதிரொளிப்பும் கூடுகிறது. ஆகவேதான் படியில் நின்று காலடியில் பார்த்தால் நீருக்குள் கிடக்கும் கல்லும், நிமிர்ந்து எதிர்க்கரைப் பக்கம் பார்த்தால் கோபுரத்தின் பிம்பமும் தெரிகின்றன. அந்தப் பிம்பம் கோபுரக் காட்சியை அப்படியே தலைகீழாக்கிய படமும் அல்ல. நீர்மட்டத்துக்கு மேல் நம் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்குள் ஒரு கண் இருந்து, நடுவில் நீரே இல்லாமல் மேல்நோக்கிப் பார்த்தால் எது தெரியுமோ அதுவே அங்கே தெரிகிறது. குளத்தின் நடுவே மண்டபம் இருந்தால், கரையிலிருந்து நேராகப் பார்க்கையில் கண்ணுக்குப் படாத அதன் கொடுங்கையின் (வெளியே நீண்டு வளைந்த கூரை விளிம்பின்) அடிப்பகுதியை நீரில் காணலாம்.