லாத்வியாவில் வீடு வாங்கி வதிவிட அனுமதி பெறுவது: சட்டம் கேட்பது என்ன?

2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டு விலைகள் சரிந்து கிடந்த நிலையில், வெளிநாட்டு முதலீட்டை ஈர்ப்பதற்காக லாத்வியா 2010 ஜூலை 1 முதல் ஒரு வழியைத் திறந்தது. குறிப்பிட்ட மதிப்புள்ள வீட்டை வாங்கும் வெளிநாட்டவர், அதை அடிப்படையாகக் காட்டித் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அது. வீடு வாங்குவதும் அனுமதி பெறுவதும் வெவ்வேறு காரியங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை வாங்க அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால், வாங்கிவிட்ட காரணத்தாலேயே அனுமதி தானாக வந்துவிடாது.

தொடக்கத்தில் தலைநகர் ரீகாவிலும் பெரிய நகரங்களிலும் 1,00,000 லாட்ஸ் (லாத்வியாவின் பழைய நாணயம்), பிற பகுதிகளில் 50,000 லாட்ஸ் முதலீடு செய்தால் போதுமானதாக இருந்தது. 2014 ஜனவரியில் அந்நாடு யூரோ நாணயத்துக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்சத் தொகை 2,50,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. எனவே, பழைய தொகைகளைச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

2014 திருத்தத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது மதிப்பீடு பற்றிய நிபந்தனையாகும். வாங்கிய விலை மட்டும் கணக்கில் வராது. நம் ஊர் வழிகாட்டி மதிப்பைப் போல அரசு நிர்ணயித்த பதிவேட்டு மதிப்பும் 80,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது குறைவாக இருந்தால், சந்தை மதிப்பு 2,50,000 யூரோவுக்குக் குறையவில்லை என்று தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் உறுதிப்படுத்த வேண்டும். பழைய கட்டடம் ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்குபவர் இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. வேளாண் நிலமும் காட்டு நிலமும் இத்திட்டத்தில் சேரா. பணம் முழுவதையும் ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். சொத்து வரி பாக்கியும் இருக்கக் கூடாது.

வீட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. முதன்முறை அனுமதி கேட்கும்போது விலையில் 5 சதவீதத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும். 2,50,000 யூரோ வீட்டுக்கு இது 12,500 யூரோ. பதிவுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, சட்ட ஆலோசனை ஆகியவை தனி. குடியுரிமை மற்றும் குடிபெயர்வு விவகார அலுவலகம் வழங்கும் அனுமதி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கானது. ஆண்டுதோறும் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்பவர் 5,000 யூரோ செலுத்த வேண்டும் என்ற விதி 2017-இல் வந்தது. இடையில் வீட்டை விற்றுவிட்டால் அனுமதிக்கான அடிப்படையே இல்லாமல் போகும்.

மனைவி அல்லது கணவரும், வயதுவராத பிள்ளைகளும் உடன் அனுமதி பெறலாம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான பிற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். அங்கே வேலை செய்யும் உரிமை இதனால் வருவதில்லை. நிரந்தர வதிவிடம் வேண்டுமானால், ஐந்து ஆண்டுகள் லாத்வியாவில் தொடர்ந்து வாழ்ந்திருப்பதோடு லாத்விய மொழித் தேர்விலும் தேற வேண்டும். ஆகவே, வீட்டைப் பூட்டிவைத்துவிட்டுச் சொந்த ஊரில் இருப்பவருக்கு அது கைகூடாது. உக்ரைன் போருக்குப் பின், 2022-இல், ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களுக்கு இவ்வழி அடைக்கப்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். அரசியல் சூழல் மாறும்போது விதிகளும் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள சட்டத்தை அந்த அலுவலகத்திடமே கேட்டறிய வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். யூரோவின் மதிப்பு டாலரைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, இந்த வரம்பு குறைந்தபட்ச முதலீட்டுக்கே போதாது. குடும்பத்தினரின் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், அவர்கள் சொத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால் மட்டுமே அது செல்லும்.