கௌரவம்: கனத்திலிருந்து வந்த சொல்

கௌரவம் பார்த்தே அழிந்ததால்தான் கௌரவர் என்று பெயர் வந்தது என்று பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் இரண்டும் வேறு சொற்கள். குரு என்ற அரசனின் வழிவந்தோர் கௌரவர். அப்படிப் பார்த்தால் பாண்டவர்களும் கௌரவர்தான். ‘கௌரவம்’ பிறந்தது, கனமானது என்று பொருள்படும் ‘குரு’ என்ற இன்னொரு வடசொல்லிலிருந்து. வடமொழியில் இரண்டுக்கும் முதலெழுத்தின் ஒலி வேறு. தமிழில் ஒரே ‘க’ என்பதால் வந்த மயக்கம் இது.

ஆக, நேர்ப்பொருள் கனம். ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்பதிலும் இதே கருத்துதான்.

பேர் ஒற்றுமை தற்செயல் என்றாலும், இந்தச் சொல்லுக்குத் துரியோதனனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். தருமன் நடத்திய ராஜசூய யாகத்தில் மன்னர்கள் கொண்டுவந்த காணிக்கைகளை வாங்கிவைக்கும் வேலை அவனுக்கு. வாங்கி வாங்கிக் கை ஓய்ந்தது என்று அப்பாவிடம் புலம்புகிறான். அஸ்தினாபுரத்தில் அவனுக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. மற்றவன் வீட்டுச் சொத்தைக் கையால் தொட்டு எண்ணியதும், தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தபோது எழுந்த சிரிப்பும் அவனைத் தூங்கவிடவில்லை. சூதாட்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கு ‘கத்தி’ வேஷம் தெரிந்திருக்கும். துரியோதனன் அந்த வகை. நாயகனுக்குரிய அதே பச்சை முகம். அதன்மேல் மீசையோடு கத்திபோல் வளைந்த சிவப்பு. மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள். உயர்குடிப் பிறப்பையும் கெட்ட அகந்தையையும் ஒரே முகத்தில் எழுதிவிடுகிறார்கள்.

குமரி மாவட்டப் பேச்சில் கௌரவம் என்றால் ‘குடும்ப கவுரவம்’. 1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில் அது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பழைய செல்வம் கரைந்த வீடு. ஆனாலும் பேத்தி லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் நடுவில் அந்த வீட்டின் பேர் மலையாக நிற்கிறது. கையிருப்பு குறையக் குறைய கவுரவத்தின் பிடி இறுகுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பெருமிதம் என்பார்கள் சிலர். எனக்கு ஒப்புதல் இல்லை. தொல்காப்பியம் பெருமிதம் பிறக்கும் இடங்களாகச் சொல்வது கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை ஆகிய நான்கை. கொடுப்பது உண்டு, வைத்திருப்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். (அந்நூலைக் கேட்ட அதங்கோட்டாசான், விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்பது குமரிக்காரர்கள் நாங்கள் விட்டுக்கொடுக்காத நம்பிக்கை.) வள்ளுவரோ அதே சொல்லைச் செருக்கு என்ற பொருளில் ஆள்கிறார்: “பெருமை பெருமிதம் இன்மை சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்.” இப்படி இரண்டு பக்கமும் சாயும் சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒருவருக்குப் பிறர் தருவதை மதிப்பு என்றும், தானாக அமைந்த உயர்வை மாண்பு என்றும் எழுதலாம். கௌரவத் தலைவர் ‘மதிப்புறு தலைவர்’ ஆவார். கௌரவ விரிவுரையாளரை மட்டும் எப்படி மாற்றினாலும் சம்பளம் கூடப்போவதில்லை. ‘வறட்டு கௌரவம்’ என்பதற்கு ‘வீண் பெருமை’ உண்டுதான். ஆனால் அந்த ‘வறட்டு’ தரும் காய்ச்சல் அதில் இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.