பட்டப்பகலில் கறுத்த வானம்

1959இல் வந்த ‘ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ’ படத்தில் பகல் வெளிச்சத்திலேயே வானம் கறுத்துக் கிடக்கிறதே, எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

அது ஒரு வங்கிக் கொள்ளைக் கதை. அந்தக் காலத்து அமெரிக்கக் குற்றப் படங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் ரயில்வே போர்ட்டராகவோ வீட்டு வேலைக்காரியாகவோ தலைகாட்டிவிட்டுப் போவார்கள். இதில் மூன்று கொள்ளையரில் ஒருவர் கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே. படத்தைத் தயாரித்ததும் அவருடைய நிறுவனமே. கூட்டாளியாக வரும் ராபர்ட் ரயனுக்கு நிறவெறி பிடித்த பாத்திரம். திட்டம் பாழாவதே அந்த வெறியால்தான்.

சரி, வானத்துக்கு வருவோம். இயக்குநர் ராபர்ட் வைஸ் சில காட்சிகளை அகச்சிவப்புப் படச்சுருளில், அதாவது சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பதியும் சுருளில், எடுத்தார். ரயன் தெருவில் நடந்து வரும் தொடக்கக் காட்சி அதில் ஒன்று. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் ராலே சிதறல் பள்ளியில் படித்ததுதான்: அலைநீளம் இரட்டிப்பானால் சிதறல் 16இல் ஒரு பங்காகிவிடும். அகச்சிவப்பின் அலைநீளமோ நீலத்தைவிட நீளம். ஆகவே நீல வானத்திலிருந்து அகச்சிவப்பு அதிகம் வராது, வானம் கறுக்கும். மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா ஒளியையும் ஒன்றுபோல் சிதறடிப்பதால் மேகம் வெளுத்தே தெரியும். பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சாததால் இலைகளும் வெளுக்கும்.

எனக்கு வியப்பாக இருப்பது மனிதத் தோல். தோலுக்கு நிறம் தரும் மெலனின் நீல ஒளியை நிறைய உறிஞ்சும். அலைநீளம் கூடக் கூட உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். அகச்சிவப்பில் 900 நானோமீட்டர் பக்கம் போனால், கறுத்த தோலும் வெளுத்த தோலும் திருப்பி அனுப்பும் ஒளியில் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். மெலனின் இருக்கும் மேல்தோலின் தடிமன் பல இடங்களில் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கைகூட எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றே. நிறமித் துணுக்குகளின் அளவும் செறிவும்தான் மாறுகின்றன. அகச்சிவப்பு அந்த மெல்லிய அடுக்கைச் சுலபமாகக் கடந்து, அடியில் உள்ள கொலாஜன் என்ற புரத நார்களில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அந்த நார்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே மாதிரிதான். நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பதை மூடநம்பிக்கைகளில் சேர்த்துத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

வைஸ் தேடியது காட்சிக்கான ஒரு மனநிலையை. முகத்துக்கு மிக அருகில் போகக்கூடாது, உருவம் திரிந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கும் காரணம் இதே சிதறல்தான். ஒளி தோலுக்குள் நுழைந்து, பட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியே வருவதால் சுருக்கங்களும் நுண்கோடுகளும் மங்கி, முகம் மெழுகில் செய்தது போலாகிவிடும்.