மொத்த எடை சரியா தான் இருக்கு, ஆனா பின் ஆக்சில் தாங்காது

மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, கிச்சன் எல்லாம் உள்ளயே இருக்கற வீட்டு வண்டி, அத சர்வீஸ் பண்ற வேலைல இருக்கேன். எங்க கிட்ட வர்ற பாதி பேர் வண்டிய எடை மேடைல ஒரு தடவ கூட ஏத்தினது கிடையாது, மீதி பேர் ஏத்தியிருப்பாங்க, ஆனா மொத்த எடைய மட்டும் பாத்துட்டு அப்பாடான்னு போயிருப்பாங்க. என்னைக் கேட்டா இந்த ரெண்டாவது ஆளுங்க தான் ஜாஸ்தி ஆபத்து, ஏன்னா அவங்க கைல ஒரு சீட்டு இருக்கு, நாம சொன்னா நம்ப மாட்டாங்க.

போன சீசன்ல ஒரு வயசான ஜோடி வந்தாங்க. பின் இடது டயர்ல பக்கவாட்டு சுவர்ல முட்டை மாதிரி ஒரு வீக்கம். உள்ள இழை அறுந்தா தான் அப்படி வீங்கும். "டயர் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் தம்பி"ன்னாரு ஐயா. நான் முதல்ல டயர பாக்கல, பின்னாடி ரேக்ல தொங்கிட்டிருந்த ஸ்கூட்டர பாத்தேன். ரெண்டு பேரையும் சீட்ல உக்கார வெச்சு, டேங்க் எல்லாம் ஊருக்கு கிளம்புற மாதிரியே வெச்சு எடை போட்டோம். மொத்தம் 3,440 கிலோ. அனுமதி 3,500. "பாத்தியா, 60 கிலோ பாக்கி இருக்கு"ன்னு அவர் முகத்துல அவ்ளோ சந்தோஷம். அப்புறம் ஒவ்வொரு ஆக்சிலையும், அதாவது ஒரு ஜோடி சக்கரத்த தாங்கற அச்ச, தனித்தனியா போட்டோம், முன்னாடி 1,310, பின்னாடி 2,130. அந்த வண்டில பின் ஆக்சிலுக்கு அனுமதி 2,000 தான்.

இத எங்க பாக்கணும்னா, வண்டில ஒரு பிளேட் இருக்கும், பெரும்பாலும் பானட்டுக்குள்ள இல்ல கதவு ஓரத்துல. வண்டியோட மொத்த எடை, டிரெய்லர் சேத்தா எவ்ளோ, அதுக்கு கீழ 1, 2ன்னு போட்டு முன் ஆக்சில், பின் ஆக்சில். அவர் வண்டில 1,850, 2,000. கூட்டி பாத்தா 3,850 வருதே, அப்ப 3,500ன்னு ஏன் போட்டிருக்கான்னு கேப்பாங்க. ரெண்டு ஆக்சிலையும் ஒரே நேரத்துல ஃபுல்லா ஏத்திக்கோன்னு அர்த்தம் இல்ல, எடை கொஞ்சம் முன்ன பின்ன உக்காரட்டும்னு விட்ட இடம் அது. மூணு நம்பர்ல ஒண்ணு தாண்டினாலும் தாண்டினது தான்.

சரி, ஸ்கூட்டர் கதைக்கு வரேன். ஸ்கூட்டர் 110 கிலோ, ரேக் 30, ஆக 140. ஐயா கணக்கு என்னன்னா 140 கிலோ ஏத்தினா பின்னாடி 140 ஏறும். அப்படி ஏறாதுங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 4 மீட்டர், ரேக் பின் சக்கரத்துல இருந்து இன்னும் 2.2 மீட்டர் தள்ளி தொங்குது. கடப்பாரைய கல்லுக்கு மேல வெச்சு ஒரு முனைய அமுக்கினா மறுமுனை தூக்குமே, அதே தான், இங்க பின் சக்கரம் தான் கல்லு. பொருளோட எடைய முன் ஆக்சில்ல இருந்து அது இருக்கற தூரத்தால பெருக்கி வீல்பேஸால, அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த 4 மீட்டரால, வகுத்தா பின் ஆக்சில்ல ஏறுற எடை வந்துடும். 140 பெருக்கல் 6.2, வகுத்தல் 4, கிட்டத்தட்ட 217. அந்த உபரி 77 கிலோ முன் ஆக்சில்ல இருந்து திருடினது. வாயால சொன்னா நம்பல, ஸ்கூட்டரையும் ரேக்கையும் இறக்கிட்டு திரும்ப மேடைல ஏத்தினோம், பின்னாடி 1,913, முன்னாடி 1,387. ஐயா அந்த சீட்ட ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னாரு. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாங்க அம்மா.

முன்னாடி எடை குறையறத யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா ஸ்டியரிங் அங்க தான இருக்கு, பிரேக் போட்டா பெரும்பங்கு வேலை முன் சக்கரம் தான செய்யுது, முன் சக்கர டிரைவ் வண்டின்னா இழுக்கறதும் அதே தான். ஈரப்புல்லுல சக்கரம் சுத்திட்டே நிக்குது, மழை ரோட்டுல வளைவுல வண்டி நேரா போகப் பாக்குது, எதிர்ல வர்றவன் டிப் பண்ணுன்னு லைட் அடிச்சுட்டே இருக்கான்னா, வண்டி மூக்க தூக்கிட்டு போகுதுன்னு சந்தேகப்படுங்க.

அவர் வண்டில இன்னொரு கூத்து. போன வருஷம் பின்னாடி தொங்குதுன்னு ஏர் பெல்லோஸ்ங்கற காத்துப்பை மாட்டியிருக்காரு, இப்ப வண்டி மட்டமா நிக்குது, அதனால பிரச்சனை தீந்துடுச்சுன்னு நெனச்சுட்டாரு. காத்துப்பை வண்டிய தூக்கும், எடைய தூக்காது. அந்த 2,130 அப்படியே அதே டயர் மேல, அதே பேரிங் மேல தான் நிக்குது, முதல்ல பின்பக்கம் தொங்கி காட்டிக் குடுத்தது இப்ப கமுக்கமா இருக்கு, அவ்ளோ தான். பெல்லோஸ் வேண்டாம்னு சொல்லல, எடைய சரி பண்ணிட்டு மாட்டுங்க.

டயர் விஷயம். சைஸுக்கு பக்கத்துல 116ன்னு இருந்துச்சு, அதுக்கு ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும்னு அர்த்தம். ரெண்டுக்கு 2,500 ஆச்சேன்னு கணக்கு போடாதீங்க, ஸ்பிரிங், பேரிங், பிரேக்னு எது பலவீனமோ அது தான் ஆக்சிலோட அளவு, அதுவும் அந்த 1,250 சொன்ன காத்து இருந்தா தான். இவர் வண்டி குலுங்குதுன்னு காத்த குறைச்சு ஓட்டியிருக்காரு. போதாக்குறைக்கு ஃபிரிட்ஜ், கிச்சன், பேட்டரி எல்லாமே இடது பக்கம், சக்கரம் சக்கரமா போட்டப்ப பின் இடது 1,140, வலது 990. காத்து கம்மி, எடை ஜாஸ்தி, டயர் சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகும், அந்த நிலைமைல ஒரு குழில இறங்கினா என்ன ஆகும். டயர் கம்பெனிக்காரன் பாவம். ரெண்டு பக்கம் எடை வேற வேறயா இருந்தா ஜாஸ்தி இருக்கற பக்கத்துக்கு எவ்ளோ காத்து வேணுமோ அதையே அந்த ஆக்சில்ல எல்லாத்துக்கும் அடிங்க.

தண்ணி பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா இது ஓடிட்டே இடம் மாறுற எடை. அதே 4 மீட்டர் வீல்பேஸ்ல நல்ல தண்ணி டேங்க் பின் சக்கரத்துக்கு 1 மீட்டர் முன்னாடி இருக்குன்னு வைங்க, 100 லிட்டர்ல பின் ஆக்சிலுக்கு 75 கிலோ தான் போகும். குளிச்சு பாத்திரம் கழுவி அதே தண்ணி பின் சக்கரத்துக்கு 1 மீட்டர் பின்னாடி இருக்கற கழிவு டேங்குக்கு போச்சுன்னா அது 125. ஒரு பொருளும் ஏத்தாம 50 கிலோ ஏறிடுச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி, கழிவுத் தண்ணி விடறதுக்குன்னு இருக்கற இடத்துல காலி பண்ணிடுங்க.

எடை போடும்போது மேடையும் அதுக்கு முன்ன பின்ன இருக்கற தரையும் ஒரே மட்டமா இருக்கணும், பாதி வண்டி சரிவுல நின்னா ஆக்சில் கணக்கு தப்பா வரும். முன் சக்கரம் மட்டும், முழு வண்டி, பின் சக்கரம் மட்டும்னு மூணு தடவ போட்டு, ரெண்டு ஆக்சிலும் கூட்டினா மொத்தம் கிட்டத்தட்ட வருதான்னு பாருங்க.

கடைசில ரெண்டு பின் டயரும் புதுசா மாத்தினாங்க. ஸ்கூட்டருக்கு பதிலா 30 கிலோல ரெண்டு மடக்கு சைக்கிள், அதுவும் ரேக்ல இல்ல, வண்டிக்குள்ளயே பின்னாடி சாமான் வைக்கற கேரேஜுக்குள்ள. பின் ஆக்சில் 1,950ல நின்னுச்சு. இன்னும் 50 கிலோ இருக்கே, அங்க என்ன வைக்கலாம்னு ஐயா கேரேஜுக்குள்ள தலைய விட்டு பாத்துட்டு இருந்தாரு, அம்மா அவர் தோள தட்டி வெளிய இழுத்து கதவ சாத்திட்டாங்க.